பத்தி பதினான்கு

ஏழு கொடிகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.
பூட்டானின் கம்பு மட்டும் அரை விரல் நீளம்.
ரம்பம் தேடிக் குன்னூர் மார்க்கெட் வரை ஓடினேன்.
அறுத்த துண்டு இன்னும் என் பையில் கிடக்கிறது.

திரும்பி வருவதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது:
"செய்யும்" என்பதா,
"செய்ய முயலும்" என்பதா.
மாலத்தீவுக்காரர் ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டரை
விலைச்சீட்டோடு அணிந்திருந்தார்.
அவர் நாட்டில் ஒரு தேயிலைச் செடி கிடையாது,
ஆனாலும் "முயலும்" போதும் என்றார்.
பகல் பதினொன்றுக்கு மூடுபனி
சன்னல் வழியே ஏறி வந்து
பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தது.

நான் குறிப்பெழுதுபவன்.
ஒப்புக்கொண்ட சொல்லுக்குக் கறுப்பு மை,
ஒப்பாத சொல்லுக்குச் சதுர அடைப்புக்குறி.
மூன்று நாளில் உரத்துக்கு வரி இறங்கியது.
ஈரப்பதத்தில் அரை சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள்,
கைதட்டல்கூட எழுந்தது.
தொழிலாளர் பெயர்வு பற்றிய பத்தி பதினான்கு மட்டும்
இரண்டு சுவருக்கு நடுவே நின்றது,
சரக்கு ஏற்றியும் நகராத லாரி
பர்லியாரில் நிற்பதுபோல.

கட்டபெட்டுவில் என் அப்பா
பச்சை இலையை என்ன விலைக்குப் போடுகிறார்
என்பது எந்தப் பத்தியிலும் இல்லை.
கேட்கவும் முடியாது.
குறிப்பெழுதுபவனுக்குக் காது உண்டு, வாய் கிடையாது.

தள்ளுவண்டியோடு புஷ்பராணி வந்தாள்.
"சீனி எவ்வளவு, ஐயா?"
இந்த ஊரில் நாங்கள் சர்க்கரை என்போம்.
கொழும்புக்காரர் அபேவிக்ரம
கரண்டியைக் கீழே வைத்தார்.
அவர் மொழியிலும் அது சீனிதான்.
ஏதோ கேட்டார். அவளும் சிங்களத்திலேயே
மளமளவென்று ஏதோ சொன்னாள்.
எனக்குப் பிடிபட்டவை இரண்டு ஊர்கள்:
பொகவந்தலாவ, தலைமன்னார்.
பிறகு எனக்காகத் தமிழில்,
"ஆறு வயசுல கப்பல் ஏறுனேன் சார்.
தகரப் பெட்டி ஒண்ணு, கோழி ஒண்ணு.
கோழிய ஆபீசர் விடல."

அந்தப் பழைய ஒப்பந்தத்தைப் பயிற்சியில் படித்திருக்கிறேன்.
ஐந்தேகால் லட்சம் பேர் இந்தப் பக்கம்.
மூன்று லட்சம் பேர் அந்தப் பக்கம்.
மிச்சம் ஒன்றரை லட்சத்தைப்
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.
பத்து வருடம்
அடைப்புக்குறிக்குள் நின்று கொழுந்து கிள்ளினார்கள்.
அப்புறம் ஆளுக்குப் பாதி.

"எங்க சித்தப்பா அந்தப் பாதி," என்றாள்,
"நாங்க இந்தப் பாதி.
இங்க எங்களுக்குப் பேரு சிலோன்காரங்க.
அங்க என்ன பேருன்னு
சாருக்கே தெரியும்."
அபேவிக்ரம தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை.
கோப்பையில் உதடு வைத்து,
"ஆறாயிரம் அடி," என்றார்,
"அவசரமாய் உலர்த்தியிருக்கிறார்கள்."
அதையும் எனக்கு அவள்தான் மொழிபெயர்த்தாள்.
"எம்மகன் வேல செய்யற பேக்டரி சார்.
மெஷின் பழசு."

பதினைந்து நிமிட இடைவேளை நாற்பது ஆனது.
ஏன் என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

மாலையில் தலைவர் சுத்தியலைத் தட்டினார்.
பத்தி பதினான்கு அடைப்புக்குறியோடு
அடுத்த கூட்டத்துக்கு, டாக்காவுக்குப் போகிறது.
கொடிகளைச் சுருட்டி, கம்புகளை எண்ணி,
கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன்.

பெட்போர்டு பக்கம் ஒரு கடையில்
அபேவிக்ரம நாலு பாக்கெட் டஸ்ட் டீ வாங்கிக்கொண்டிருந்தார்.
"வெளித் தேயிலையை உங்கள் சுங்கத்தில் விடமாட்டார்களே,"
என்று சொல்லிவிட்டேன்.
மூன்று நாளில் நான் சொன்ன முதல் வாக்கியம்.

"முயலலாம்," என்றார்,
ஒரு பாக்கெட்டை ஸ்வெட்டருக்குள் செருகியபடி.
வயிறு சதுரமாய்த் தெரிந்தது.